டர்பன் நகரத்தைக் கட்டியவர்கள் யார்? கொங்குக்காரர்களுக்கு அதில் பங்கு உண்டா?

கேள்வி: ஜனவரி 6, பெருந்துறையிலிருந்து ஒரு வாசகர்

சித்தப்பா மகன் தென்னாப்பிரிக்காவில் டர்பன் போய்விட்டு வந்தான். கடலோரம் நெடுக நடைபாதை, வரிசையாக ஓட்டல்கள், அலைச்சறுக்கு விளையாட்டு என்று அப்படி ஒரு ஊர் என்கிறான். அதைவிட அவனுக்கு ஆச்சரியம், அங்கே வக்கீல், டாக்டர் பெயர்ப்பலகைகளில் 'கவுண்டன்' என்று குடும்பப்பெயர் இருப்பது. 'அந்த ஊரை முதலில் கட்டியதே கொங்கு மண்ணிலிருந்து போன நம்ம கவுண்டர்கள்தான்' என்று பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பதிவு சுற்றுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

ஜனவரி 6, இரவு

பாதி சரிங்க. 1860இல் தமிழர்கள் கப்பலேறிப் போனது உண்மை. அந்த ஊர் அவர்கள் உழைப்பில் எழுந்தது என்பதும் உண்மை. ஆனால் பெயருக்குப் பின்னால் கவுண்டன் என்று இருப்பதை மட்டும் வைத்து 'நம்ம ஆளுங்க' என்று சொல்ல முடியாது. அந்தப் பட்டம் நம் பகுதியிலேயே வேட்டுவர், ஊராளி, குறும்பர் என்று பலருக்கும் உண்டு. சேலம், தருமபுரி, ஆர்க்காட்டுப் பக்கம் வன்னியர்களும் போட்டுக்கொள்வார்கள். டர்பனுக்குப் போன தமிழர்களில் வட ஆர்க்காடு, செங்கல்பட்டுக்காரர்கள் மிக அதிகம். ஆகவே அந்த டாக்டரின் பூட்டன் ஆம்பூர்ப் பக்கத்துக்காரராக இருக்கவே வாய்ப்பு கூடுதல்.

மீதியை நாளைக்கு எழுதுகிறேன். இந்த விஷயம் எனக்கு நெருக்கமானது, அவசரமாக முடிக்க மனசில்லை.

ஜனவரி 7

'முதலில் குடியேறியவர்கள்' என்றால் யாரைச் சொல்வது? அதிலிருந்து தொடங்க வேண்டும்.

வாஸ்கோ ட காமா 1497 கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்தக் கரையைக் கடந்து போனார். போர்ச்சுகீசிய மொழியில் நேட்டால் என்றால் கிறிஸ்துமஸ், அதனால் அந்தப் பகுதிக்கு அந்தப் பேர் வந்தது. அவர் பேர் வைக்கும் முன்பே அங்கே ஆட்கள் இருந்தார்கள், ஆடு மாடு இருந்தது, சோளக்காடு இருந்தது. ஆளில்லாத கரையில் யாரும் போய் இறங்கவில்லை. இன்றைக்கு மாநகராட்சிக்கே எத்தெக்வினி என்று, அந்த மண்ணின் மக்களான சூலுக்காரர்களின் மொழிப் பெயர்தான்.

வெள்ளைக்காரர்களின் கணக்கு 1824இல் தொடங்குகிறது. ஃபேர்வெல் என்ற முன்னாள் கடற்படை அதிகாரியும் ஹென்றி ஃபின் என்பவரும் யானைத் தந்த வியாபாரத்துக்காக, தென்முனையில் இருந்த கேப் என்ற பிரிட்டிஷ் காலனிப் பக்கமிருந்து வந்து அந்த வளைகுடாவில் இறங்கினார்கள். அப்போது சூலு அரசர் ஷாகா. அவரை யாரோ ஈட்டியால் குத்திக் கொல்லப் பார்த்தபோது காயத்துக்கு மருத்துவம் செய்தது ஃபின்தான். அப்புறம் துறைமுகத்தைச் சுற்றி ஒரு பெரிய நிலப்பரப்பை ஷாகா தங்களுக்குக் கொடுத்ததாக இவர்கள் ஒரு பத்திரம் காட்டினார்கள். 1835இல் சுமார் 35 வெள்ளைக்காரர்கள் கூடி, கேப் ஆளுநர் டர்பன் துரையின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். அப்போது ஊர் என்பது மண்ணும் கோரையும் வைத்துக் கட்டிய சில குடிசைகள்.

1838க்குப் பிறகு போயர்கள், அதாவது டச்சு வம்சாவளி வெள்ளைக்காரர்கள், வந்து குடியரசு அறிவித்தார்கள். 1842இல் பிரிட்டிஷ் படையை முற்றுகை போட்டார்கள். டிக் கிங் என்பவர் உதவி கேட்டுக் கிரகாம்ஸ்டவுன் வரைக்கும் சுமார் 960 கிலோமீட்டரைப் பத்து நாளில் குதிரையில் கடந்தார். அவருக்குக் கடற்கரைச் சாலையில் சிலை உண்டு. கூடவே பாதி தூரம் போன இந்தொங்கெனி என்ற பையனை ஊர் வெகுகாலம் நினைக்கவில்லை.

1843இல் பிரிட்டிஷ் கைக்குப் போனது. 1849 முதல் 1851 வரை பைர்ன் என்ற ஆள் இங்கிலாந்தில் விளம்பரம் செய்து கப்பல் கப்பலாகக் குடும்பங்களைக் கொண்டுவந்தார். பத்து பவுன் கட்டினால் கப்பல் பயணமும் 20 ஏக்கரும். கொடுத்த நிலம் பலருக்கு விளங்கவில்லை, விட்டுவிட்டு டர்பனுக்கே வந்து கடை வைத்தார்கள், தச்சு வேலை பார்த்தார்கள். ஊர் என்று ஒன்று உருவானது அப்போதுதான்.

இவர்களைத்தான் அங்கத்திய பழைய புத்தகங்கள் 'ஆரம்பக் குடியேறிகள்' என்று சொல்லும். நிலம் வாங்கிக்கொண்டு வந்தவனைக் குடியேறி என்றும், அதே நிலத்தில் உழைக்க வந்தவனைக் கூலி என்றும் எழுதினார்கள். எனக்கு இதில்தான் முதலிலிருந்தே மனம் ஒப்பவில்லை.

ஜனவரி 7, மாலை

சேலத்து அண்ணன் கேட்டிருக்கிறார்: 'அங்கேயே அவ்வளவு சூலு ஜனங்கள் இருக்க, நம்ம ஆட்களை எதற்குக் கூட்டிப்போனார்கள்?'

கரும்புதான் அண்ணா. 1850களின் தொடக்கத்தில் மோர்வுட் என்பவர் டர்பனுக்கு வடக்கே கரும்பு நட்டுச் சர்க்கரை எடுத்துக் காட்டினார். மண்ணும் மழையும் ஒத்துவந்தன. வருஷம் முழுக்கக் கட்டுப்பட்டு வேலை செய்ய ஆள் கிடைக்கவில்லை. சூலுக்காரர்களுக்குச் சொந்த நிலமும் மாடும் இருந்தன. அவர்கள் எதற்கு இன்னொருத்தன் தோட்டத்தில் சூரியன் எழுந்ததிலிருந்து சாயும் வரைக்கும் குனிந்து நிற்க வேண்டும்? மொரிசியசில் இந்தியக் கூலிகளை வைத்து நடத்தியதைப் பார்த்துவிட்டு இவர்களும் கேட்டார்கள்.

1860 நவம்பர் 16. ட்ரூரோ என்ற கப்பல், சென்னையிலிருந்து 342 பேர். பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து பெல்விடியர். 1911 வரைக்கும் மொத்தம் 1,52,184 பேர். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள்.

ஜனவரி 8

ஒருவர் 'விருப்பப்பட்டுத்தானே போனார்கள், கைரேகை வைத்துத்தானே போனார்கள்' என்று எழுதியிருக்கிறார். சரி, கைரேகை வைத்த தாளில் என்ன இருந்தது என்று பார்ப்போம்.

ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங், வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏற்றம். அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, கருவாடு அளந்து போடுவார்கள். பெண்களுக்குக் கூலியும் படியும் பாதி. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் கப்பலில் இருக்க வேண்டும் என்று விதி. ஒரு நாள் வேலைக்கு வரவில்லை என்றால் இரண்டு நாள் கூலி பிடிப்பார்கள். சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே கால் வைத்தால் சிறை. முதலில் போனவர்கள் 1871இல் ஊர் திரும்பிச் சென்னையில் இறங்கியதும் அடியையும் கூலி பிடித்ததையும் சொல்லிப் புகார் செய்தார்கள். விசாரணை நடந்தது, 1874 வரைக்கும் கப்பல் போகவில்லை.

கைரேகை வைத்தவருக்கு நேட்டால் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. விருப்பம் என்ற சொல்லை அவர் மேல் போடுவதற்கு முன், அவர் வீட்டில் அன்றைக்கு உலை கொதித்ததா என்று கேட்க வேண்டும்.

ஜனவரி 8, இரவு

ஒப்பந்தம் முடிந்த பிறகு நடந்ததுதான் டர்பனின் கதையில் பெரிய பகுதி.

ஐந்து வருஷம் முடித்தவர் விடுதலை. பத்து வருஷம் இருந்தால் இலவசமாக ஊர் திரும்பலாம், அல்லது அந்தச் செலவுக்கு ஈடாக அரசு நிலம் கேட்கலாம் என்று 1870இல் சட்டம் இருந்தது. நிலம் கிடைத்தவர்கள் மிகச் சிலர். 1891இல் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் பெரும்பாலானோர் திரும்பவில்லை. உம்கேனி ஆற்றோரத்துச் சதுப்பிலும் ஊரைச் சுற்றியிருந்த மேட்டிலும் குத்தகைக்குத் துண்டு நிலம் பிடித்துக் கத்தரி, அவரை, மிளகாய், கீரை, சோளம், புகையிலை போட்டார்கள். விடியும் முன் கூடையைத் தலையில் சுமந்து டர்பன் வந்து விற்றார்கள். வெள்ளைக்காரர்கள் வீட்டுச் சமையலறைக்குக் காய்கறி வந்தது அப்படித்தான். 1885இல் அமைந்த ராக் ஆணையத்தின் முன்பு வெள்ளைக்காரர்களே இதைச் சாட்சியாகச் சொன்னார்கள்.

மீனும் அப்படியே. வளைகுடாவுக்குள் சாலிஸ்பரி தீவில் குடிசை போட்டுக் கரைவலை இழுத்த குடும்பங்கள் இருந்தன. ஜூன், ஜூலையில் மத்தி மீன் கூட்டம் கரையை ஒட்டி வரும்போது வலை இழுத்தவர்கள் அவர்கள்தான்.

நகராட்சி தெரு கூட்ட, கழிவு அள்ள, சதுப்பு நிரப்ப, சாலை போட இதே ஜனங்களை எடுத்தது. கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் மேகசின் பேரக்ஸ் என்ற வரிசை வீடுகளில் அடைத்து வைத்தது. தமிழும் தெலுங்கும் மட்டுமே கேட்கும் ஒரு தனி ஊர் அது. 1895இல் ஜோகன்னஸ்பர்க் வரைக்கும் ரயில் போட்டதும், குளிர்காலத்தில் உள்நாட்டுக்காரர்கள் வெதுவெதுப்பான கடலைத் தேடி டர்பனுக்கு வர ஆரம்பித்தார்கள். ஓட்டல்கள் எழுந்தன, நடைபாதை வந்தது. இன்றைக்குத் தங்க மைல் என்று கொண்டாடும் அந்தக் கரையைத் தினமும் சுத்தம் செய்த கைகள் பல பத்து வருஷம் மேகசின் பேரக்ஸிலிருந்து வந்தன.

ஜனவரி 9

மூன்று பவுன் வரி என்ன என்று டீச்சரம்மா கேட்டிருக்கிறீர்கள்.

நம்மவர்கள் காய்கறியும் மீனும் விற்றுத் தலையெடுத்தது வெள்ளைக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. 1895இல் ஒரு சட்டம். ஒப்பந்தம் முடித்தவர் திரும்பப் போக வேண்டும், இல்லை மறு ஒப்பந்தம் போட வேண்டும், இரண்டும் இல்லை என்றால் வருஷத்துக்கு மூன்று பவுன் வரி. மூன்று பவுன் என்றால் 60 ஷில்லிங். ஐந்தாம் வருஷக் கூலியே மாதம் 14 ஷில்லிங். நாலு மாதக் கூலிக்கு மேல் வரி. பிற்பாடு 16 வயதுப் பையனுக்கும் 13 வயதுப் பெண்ணுக்கும் சேர்த்துப் போட்டார்கள்.

காந்தி 1893இல் அங்கே போனதும், பல் உடைந்து ரத்தத்தோடு வந்து நின்ற பாலசுந்தரம் என்ற தமிழ்க் கூலிக்காக அவர் வழக்கு நடத்தியதும் உங்களுக்குத் தெரிந்ததே. 1913இல் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் கடலோரக் கரும்புத் தோட்டங்கள் வரை பரவியது. சிறையில் உடம்பு கெட்டு, வெளியே வந்து 1914 பிப்ரவரியில் இறந்த தில்லையாடி வள்ளியம்மைக்கு 16 வயது. அந்த வருஷம் மூன்று பவுன் வரி நீக்கப்பட்டது.

ஜனவரி 11

நான் டர்பனைப் பார்த்த கதையைக் கேட்டார்கள். கோயமுத்தூரில் பம்பு செட் தொழிலில் இருந்தபோது வேலை நிமித்தமாகப் போனேன். ஊருக்கு வடக்கே காரில் போகையில் மேடு பள்ளம் எல்லாம் கரும்பு. எனக்கு முதலில் கண்ணில் பட்டது வாய்க்கால் இல்லாததுதான். கொடுமுடிப் பக்கம் காலிங்கராயன் தண்ணீர் ஒரு முறை தவறினாலே கரும்பு சோர்ந்துவிடும். அங்கே கடலோரச் சரிவுகளில் மழையை மட்டும் நம்பி நிற்கிறது. பம்பு விற்கப் போனவனுக்கு அது நல்ல செய்தி இல்லை, ஆனாலும் வண்டியை நிறுத்திச் சோகையைத் தொட்டுப் பார்த்தேன்.

வார்விக் சந்தையில் கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, பச்சை மிளகாய், சேப்பங்கிழங்கு எல்லாம் இருந்தது. கிழங்கை அவர்கள் சூலுப் பேரில் அமதும்பே என்கிறார்கள். கடை வைத்திருந்த பெரியம்மாவிடம் தமிழில் கேட்டேன். 'அம்மா, தம்பி, சோறு, சாமி' என்ற அளவில் அவருக்கு வார்த்தைகள் இருந்தன, மற்றது ஆங்கிலம். ஆனால் ஆடி மாசம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும், வேப்பிலையிலிருந்து கரகம் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். எங்கள் ஊர்ப் பெண்களுக்கே இப்போது அவ்வளவு தெரியுமா என்று தோன்றியது.

கடற்கரைக்கு மாலையில் போனேன். எல்லா நிறத்துக் குழந்தைகளும் ஒரே அலையில் குளித்துக்கொண்டிருந்தார்கள். கூட வந்த டர்பன்காரர், 'நான் பையனாக இருந்தபோது இங்கே கால் நனைக்க முடியாது' என்றார்.

ஜனவரி 11, இரவு

அவர் சொன்னது மிகை இல்லை. வெள்ளையர்களுக்கு மட்டும் என்று ஆங்கிலம், ஆப்பிரிக்கான்ஸ், சூலு மூன்றிலும் எழுதிய பலகை 1989இல்கூட டர்பன் கடற்கரையில் இருந்தது. அந்த வருஷம் ஜனங்கள் கூட்டமாகப் போய் அந்தக் கரையில் இறங்கிப் போராடினார்கள்.

மேகசின் பேரக்ஸ் ஆட்களுக்கு அதற்கு முன்பே ஊரை விட்டுப் போக வேண்டி வந்தது. 1950இல் இனவாரியாகக் குடியிருப்பைப் பிரிக்கும் சட்டம் வந்தது. 1960களில் அந்த வரிசை வீடுகளைக் காலி செய்து, நகரத்துக்குத் தெற்கே சாட்ஸ்வொர்த் என்ற புதுக் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். கடலுக்குப் பக்கத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்கள் வேலைக்குப் பஸ் பிடித்து வர வேண்டியதாயிற்று.

ஜனவரி 13

இனி கொங்குக்கு வருவோம். பெருந்துறைத் தம்பி பொறுமையாகக் காத்திருக்கிறார்.

நம் பகுதியிலிருந்து யாருமே போகவில்லை என்று நான் சொல்லவில்லை. கப்பல் பட்டியல்களில் கோயமுத்தூர், சேலம் ஜில்லாக்கள் வருகின்றன. எப்போது, ஏன் போயிருப்பார்கள் என்பதை ஊகிக்க இரண்டு விஷயங்கள் போதும்.

முதலாவது ரயில். 1862 மே மாதம் சேலம், ஈரோடு வழியாகப் போத்தனூர் வரைக்கும் தண்டவாளம் வந்துவிட்டது. அதற்கு முன் சென்னை என்பது வாரக்கணக்கில் நடை. அதற்கப்புறம் ஆள்பிடிப்பவன் டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் போதும்.

இரண்டாவது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 78 வரை. சேலம் ஜில்லாவில் அது செய்த அழிவு சொல்லி முடியாது. 1871 கணக்கெடுப்பைவிட 1881இல் சேலத்திலும் கோயமுத்தூரிலும் ஜனத்தொகை குறைந்திருந்தது. என் பாட்டிக்கு அவருடைய பாட்டி சொன்னதாக ஒரு பேச்சு எங்கள் வீட்டில் உண்டு: எறும்புப் புற்றைத் தோண்டி, எறும்பு சேர்த்து வைத்த தானியத்தை எடுத்துப் புடைத்துக் கஞ்சி வைத்தார்களாம். அந்த நிலையில் சந்தைப் பேட்டையில் ஒருவன் வந்து சோறும் துணியும் கூலியும் என்று சொன்னால் எழுந்து போகத்தான் தோன்றும்.

அப்படி இருந்தும் நம் பக்கத்தில் நேட்டாலுக்குப் போனவர்கள் குறைவு. பக்கத்திலேயே நீலகிரி, வயநாடு காப்பித் தோட்டங்கள் ஆள் கேட்டன. இலங்கைக்குக் கங்காணி கூட்டிப்போனான், அது தெரிந்த ஆள், தெரிந்த பாதை. நேட்டாலுக்கு என்றால் உரிமம் வாங்கிய ஆள்பிடிப்பவன், மாஜிஸ்திரேட் முன் பதிவு, சென்னை டிப்போவில் காத்திருப்பு, கடலில் வாரக்கணக்கு. பக்கத்து மலையில் கூலி கிடைக்கும்போது கடலைத் தாண்ட எவ்வளவு பேர் துணிவார்கள்?

போனவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். பண்ணையம் வைத்திருந்த குடும்பங்கள் அல்ல. நிலமில்லாதவர்கள், பண்ணையாட்கள், தறி நின்றுபோன நெசவாளர்கள், புருஷனை இழந்த பெண்கள். 'நம்ம கவுண்டர்கள் கட்டினார்கள்' என்ற பெருமைப் பேச்சில் இவர்கள் அத்தனை பேரும் மறைந்துவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான் தம்பி.

ஜனவரி 14

பொங்கல் வேலைக்கு நடுவில் ஒரு வரி: மேலே எழுதியதை யாரும் சாதிச் சண்டைக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். போனவர்களில் எல்லாச் சாதியும் உண்டு. கப்பலில் ஏறினதும் பக்கத்துப் பாய்க்காரன் யார் என்று பார்க்க வழியில்லாமல் போனது.

ஜனவரி 17

கப்பல் பட்டியலைப் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு, இவ்வளவும் எழுதினார்கள். ஓடினால் பிடிப்பதற்காக எழுதினது, இன்றைக்குப் பேரப்பிள்ளைகள் ஊரைத் தேட உதவுகிறது.

சில வருஷம் முன்பு ஒரு டர்பன் தம்பதி அப்படி ஒரு நகலோடு வந்தார்கள். தெரிந்தவர் மூலம் என்னிடம் வந்தார்கள், துணைக்குப் போனேன். ஜில்லா சேலம், தாலுக்கா திருச்செங்கோடு என்று படிக்க முடிந்தது. கிராமத்தின் பேரை எழுதினவர் காதில் விழுந்தபடி எழுதியிருந்தார், இரண்டு மூன்று ஊருக்குப் பொருந்தியது. ஒவ்வொரு ஊரிலும் கோயில் திண்ணையில் உட்கார்ந்து பெரியவர்களிடம் கேட்டோம். 'எங்க வீட்டிலிருந்து ஒருத்தர் தாது வருஷத்தில் காணாமப் போனார்' என்று ஒரு பாட்டி மட்டும் சொன்னார். பேர் அவருக்குத் தெரியாது. அந்தம்மா பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் விடவில்லை. சொந்தமா இல்லையா என்று யாரும் நிரூபிக்கவில்லை. மத்தியானச் சாப்பாடு அந்த வீட்டில்தான்.

தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கோயமுத்தூர் ஜில்லா என்பதை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். அந்தக் காலத்தில் திருச்செங்கோடு, நாமக்கல், ராசிபுரம் எல்லாம் சேலம் ஜில்லா. கரூர் 1910 வரைக்கும் கோயமுத்தூர் ஜில்லா. கொள்ளேகாலம்கூட 1956 வரை நம்மோடு இருந்தது.

ஜனவரி 18

பொள்ளாச்சிக்காரர் நல்ல கேள்வி கேட்டார்: 'அங்கே குண்டம் இறங்குகிறார்களாமே, அது பண்ணாரியிலிருந்து போனதுதானே?'

தீ மிதிப்பது உண்டு. ஆனால் அங்கே பழமையான உம்பிலோ அம்பலவாணர் ஆலயத்தில் தீமிதி திரௌபதி அம்மனுக்கு. திரௌபதி அம்மன் வழிபாட்டின் வேர் செஞ்சி, ஆர்க்காட்டுப் பக்கம். நாம் குண்டம் இறங்குவது பண்ணாரியம்மனுக்கும் மாரியம்மனுக்கும். ஆகவே இதுவும் ஆர்க்காட்டுப் பக்கமே கை காட்டுகிறது. இது ஒரு தடயம், அவ்வளவுதான். அங்கே மாரியம்மன் கோயில்களும் நிறைய. இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளியன்று ஜனம் நெரியும். தோட்டத்துக் கூலிக்கு லீவு கிடைத்த நாளில் அம்மனும் திருவிழா ஏற்றுக்கொண்டாள்.

அந்த அம்பலவாணர் கோயிலே 1875இல் உம்பிலோ ஆற்றங்கரையில் கட்டியது. 1905 வெள்ளத்தில் போய்விட்டது. மறுபடி கட்டினார்கள். இப்போது இருக்கும் இடத்தில் 1947 முதல் இருக்கிறது.

ஜனவரி 18, இரவு

வெள்ளம் என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது, இதைச் சொல்லாமல் தூங்க முடியாது.

1917 அக்டோபர் 28. உம்கேனி ஆறு பெருகி ஸ்பிரிங்ஃபீல்டு தாழ்நிலத்தை மூழ்கடித்தது. காய்கறித் தோட்டம் போட்டுக் குடியிருந்தவர்கள் எல்லாம் நம்மவர்கள். நூற்றுக்கணக்கில் செத்தார்கள். அந்த இரவில் படவட்டான் குடும்பத்தைச் சேர்ந்த மீனவர் கூட்டம், ஆறு பேர், ஒரு படகை எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வெள்ளத்துக்குள் போய் 170க்கும் மேற்பட்டவர்களைக் கரை சேர்த்தார்கள். டிக் கிங்குக்குச் சிலை வைத்த ஊரில் இந்த ஆறு பேரின் கதையை ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தர வேண்டும் என்பேன்.

ஜனவரி 21

இதுவரைக்கும் ஆட்களைப் பற்றியே பேசினோம். கொங்கிலிருந்து நேட்டாலுக்கு நிச்சயமாகப் போன ஒன்று உண்டு, அதற்குச் சந்தேகமே வேண்டாம். கரும்பு!

1912இல் கோயமுத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கினார்கள். கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடிக்கிற இடம் இது. பார்பர் துரையும் பிறகு டி.எஸ். வெங்கட்ராமனும் தோட்டக் கரும்பைக் காட்டுக் கரும்போடு சேர்த்து ஒட்டுக் கட்டினார்கள். 1918இல் கோ 205 வந்தது. 'கோ' என்றால் கோயமுத்தூர். எங்கள் அப்பா காலத்தில் கொடுமுடியில் எல்லாரும் கோ 419 வைத்தார்கள், இப்போது கோ 86032.

நேட்டாலில் அப்போது உபா என்று ஒரே இனம். மெல்லிசு, கட்டை போல் கடினம், நோய் வந்து அதுவும் தளர்ந்தது. அந்தக் குளிரில் அங்கே கரும்புப் பூவில் மகரந்தம் சரியாகப் பிடிக்காது, சொந்தமாக ஒட்டுக்கட்ட முடியவில்லை. 1930களில் கோ 281, கோ 290, அப்புறம் கோ 301 என்று நம் இனங்களை வாங்கி வைத்தார்கள். அதற்கப்புறம் கோயமுத்தூரில் ஒட்டுக்கட்டிய விதையை வாங்கிப்போய், டர்பனுக்குப் பக்கத்தில் மவுண்ட் எட்ஜ்கோம் ஆராய்ச்சிப் பண்ணையில் முளைக்க வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படி வந்தவற்றுக்கு 'என்கோ' என்று பேர் வைத்தார்கள், நேட்டால் கோயமுத்தூர் என்று. 1945இல் வெளியான என்கோ 310, தைவான் வரைக்கும் போய் உலகம் சுற்றியது. பிறகு வந்த என்கோ 376 தென்னாப்பிரிக்கக் கரும்புக் காட்டைப் பல வருஷம் ஆண்டது. இரண்டுக்கும் தாய் தகப்பன் கோ 421, கோ 312.

நான் வண்டியை நிறுத்தித் தொட்டுப் பார்த்த சோகையின் கொடிவழி வீரகேரளத்து நிலையத்துப் பாத்திக்குப் போகலாம் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு துண்டு உடைத்துக் கடித்திருப்பேன்.

ஜனவரி 22

கவுந்தப்பாடிக்காரருக்கு: ஆமாங்க, அங்கே நாட்டுச்சர்க்கரை கேட்டுப் பார்த்தேன். கடையில் கிடைத்தது வெள்ளைச் சீனியும் பழுப்புச் சர்க்கரையும். உங்கள் மஞ்சள் நாட்டுச்சர்க்கரைக்கு ஈடு எதுவும் இல்லை.

ஜனவரி 24

'தமிழ் அங்கே செத்துவிட்டதா' என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டுப் பேச்சு ஆங்கிலமாகிவிட்டது உண்மை. பள்ளிக்கூடமும் வேலையும் அதில்தான். ஆனால் தேவாரம் பாடுகிறார்கள், தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியல் சட்டத்தில், மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழ் பேர் சொல்லி இடம்பெற்றிருக்கிறது. கரும்புக் காட்டில் எண்ணாக நின்றவர்களின் மொழி ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்துக்குள் போனது எனக்குப் பெரிய விஷயம்.

ஜனவரி 26

பெருந்துறைத் தம்பிக்கு: உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்த இழையைப் போடுங்கள். 'நம்ம ஆளுங்க கட்டினாங்க' என்பதற்குப் பதில், 'நம்ம ஊரிலிருந்து யார் போனார்கள்' என்று கேளுங்கள். திருச்செங்கோடு, ராசிபுரம், பவானி, தாராபுரம், கரூர்ப் பக்கம் எந்த வீட்டிலாவது 'நேட்டாலுக்குப் போனவர்' என்றோ 'கப்பலேறிப் போனவர்' என்றோ ஒரு பேச்சு இருந்தால், அவர் பேர், தகப்பன் பேர், போன காலம், குலதெய்வம், பழைய தாலுக்கா இவற்றை எழுதி வையுங்கள். சாதி எதுவாக இருந்தாலும் எழுதுங்கள், பெண்களை விட்டுவிடாதீர்கள். அந்தத் தம்பதி தேடின ஊரின் பேரை நான் இன்னும் வைத்திருக்கிறேன், ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம்.